சத்தியம் தவறிய மறுநாள்

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். அங்கே கோயில் கொண்டுள்ள வரசித்தி விநாயகர் சத்தியத்துக்குச் சாட்சி நிற்பவர் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல் வழக்கானாலும், பங்காளித் தகராறானாலும், களவுப் பழியானாலும், திருக்குளத்தில் மூழ்கி எழுந்து ஈரத்துணியோடு அந்தச் சன்னிதியில் சொல்லும் சொல்லை இவ்வட்டாரத்தார் மறுபேச்சின்றி ஏற்பார்கள். "காணிப்பாக்கத்தில் வந்து சத்தியம் செய்யத் தயாரா?" என்று ஆந்திர அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் அறைகூவுவது இன்றும் செய்தியாகிறது. அதே சன்னிதிக்குத்தான் குடியை விட்டொழிக்க விரும்புகிறவர்களும் வருகிறார்கள். மனைவி ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் நிற்க, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

இந்தச் சத்தியத்தின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்த காலத்திலும், குடிநோய் என்றொரு சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்திலும், எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த ஒன்றுதான் கைப்பிடியாக இருந்தது. தெய்வம் கேட்கிறது, ஊர் அறிகிறது, மீறினால் கேடு வரும் என்ற மூன்றும் சேர்ந்து தரும் உறுதி எளிதானதன்று. நம் கவலை சத்தியத்தைக் காத்தவரைப் பற்றியதும் அன்று. எட்டு மாதம் காத்து, ஒன்பதாம் மாதத்தில் ஒரு மாலையில் தவறியவரைப் பற்றியது. அவருடைய மறுநாள் காலை எப்படி விடிகிறது என்பதை நம் சமுதாயம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அந்தக் காலைப் பொழுதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். அவர் மாம்பழக்கூழ் ஆலையில் சுமை தூக்குகிறவர் என்று வைத்துக்கொள்வோம். கூலி கைக்கு வந்த சனிக்கிழமை, கூட்டாளிகள் வற்புறுத்த ஒரு குவளை உள்ளே போயிருக்கிறது. விழித்தவுடன் வாயில் கசப்பு. காப்பித் தம்ளரை எடுத்தால் கை இலேசாக நடுங்குகிறது. மனைவி பேசவில்லை, அடுப்பங்கரையில் பாத்திரம் வைக்கும் ஓசை மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்கிறது. சுவரில் விநாயகர் படம் மாட்டியிருக்கும் பக்கம் அவர் திரும்புவதில்லை. பிறகு அந்த மௌனம் உடைகிறது. "பிள்ளையார் மேல செஞ்ச சத்தியத்தையே மீறிட்டியே, இனி உன்னை யார் நம்புவா?" என்ற கேள்வி வருகிறது. கேள்வியில் பிழையில்லை. எட்டு மாதம் நம்பி ஏமாந்தவளின் வயிற்றெரிச்சல் அது. ஆனால் அவர் மனத்தில் அதே நேரத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. "போனதுதான் போச்சு. சத்தியமே போன பிறகு இனி என்ன மிச்சம்? இன்னிக்கு ஒரு நாள் முழுசாக் குடிச்சுட்டு நாளைக்கு விட்டுடலாம்."

குடும்பங்களை அழிப்பது முதல் நாள் உள்ளே போன அந்த ஒரு குவளை அன்று, இந்தக் கணக்குதான். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ஆலன் மார்லட் இதைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். ஜூடித் கார்டனுடன் சேர்ந்து 1985-இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. ஒரு முறை சறுக்குவது வேறு, பழைய குடிக்கே முழுமையாகத் திரும்புவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மனிதனைத் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் சாராயத்தின் வேகம் மட்டுமன்று. "நான் இவ்வளவுதான், என்னால் ஆகாது" என்று தன்மேல் அவன் சுமத்திக்கொள்ளும் தீர்ப்பு. விரதம் எவ்வளவு கடுமையானதோ, முறிந்தபின் எழும் குற்றவுணர்வும் அவ்வளவு கடுமையாகிறது. அந்த வலியைத் தணிக்க அவன் அறிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். அதுவே அவனைக் கொல்கிறது. காணிப்பாக்கத்துச் சத்தியத்தைப் போல் உயர்ந்த ஒரு சத்தியம் முறியும்போது இந்த அபாயம் பன்மடங்காகும் என்பதை இவ்வட்டாரத்தார் அவசியம் உணர வேண்டும்.

இந்நிலையில், அந்தக் கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றின் கதையையே நம் மக்கள் மறந்துவிட்டார்கள் என்பது வருத்தத்துக்குரியது. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் வரும் சங்கன், லிகிதன் என்னும் உடன்பிறந்த முனிவர் இருவரின் கதை அது. காணிப்பாக்கத்துத் தலபுராணம் அதை இந்த ஆற்றங்கரையிலேயே நடந்ததாகச் சொல்கிறது. பசி தாளாத தம்பி லிகிதன், உரியவரைக் கேளாமல் மாங்கனி பறித்து உண்டுவிடுகிறான். அண்ணன் அதைக் களவு என்கிறான்; அரசனிடம் சென்று சொல்லித் தண்டனை பெற்று வா என்கிறான். தம்பி ஒளியவில்லை, மழுப்பவில்லை. நேரே அரசன் முன் நின்று, செய்ததைச் சொல்லி, மன்னிப்பு வேண்டாம், தண்டனை கொடு என்று கேட்டுப் பெறுகிறான். இரு கைகளும் வெட்டுண்டு திரும்புகிறவனை அண்ணன் வாசலில் நிறுத்திவைத்து ஏசவில்லை. உன்மேல் எனக்குச் சினமில்லை, தவறுக்குரியது தீர்ந்தது, ஆற்றில் இறங்கி நீர்க்கடன் செய் என்கிறான். இறங்கியவனுக்குக் கைகள் முளைக்கின்றன.

இந்தக் கதையின் கொடுந்தண்டனையை யாரும் இன்று போற்ற வேண்டியதில்லை. நம் கவனத்துக்குரியவை வேறு. தவறியவன் தானே முன்வந்து சொன்னான். தண்டனை ஒரே முறையோடு முடிந்தது. முடிந்தபின், அவனை ஆற்றுக்கு அனுப்பியவன் அவனைக் குற்றம் கண்ட அதே அண்ணன். நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. தவறியவன் மறைக்கிறான், ஏனெனில் சொன்னால் தண்டனைக்கு முடிவேயில்லை. தீபாவளிக்குத் தீபாவளி, கல்யாணத்துக்குக் கல்யாணம், மைத்துனன் முன்னிலையிலும் மகன் முன்னிலையிலும் அதே ஒரு நாள் எடுத்து வீசப்படுகிறது. காணிப்பாக்கத்துக்குப் போய்ச் சத்தியம் செய்கிறவர், அந்த ஆற்றின் கதையையும் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று விரும்புகிறோம். ஒரே தலத்தில் சத்தியத்தின் கண்டிப்பும் இருக்கிறது, தவறியவன் முழுமை பெற்று எழும் வழியும் இருக்கிறது. நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மருத்துவம் என்ன சொல்கிறது? அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2000-ஆம் ஆண்டில் மெக்லெல்லனும் அவருடன் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று, போதை நோயை நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றோடு வைத்து ஆராய்ந்தது. சிகிச்சை பெற்றபின் மீண்டும் போதைக்குத் திரும்புவோர் நூற்றுக்கு 40 முதல் 60 பேர். இரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் மீண்டும் தலைதூக்குவது நூற்றுக்கு 50 முதல் 70 பேருக்கு. சர்க்கரை கூடிவிட்டது என்று வருகிறவரை எந்த மருத்துவரும் நெறிகெட்டவர் என்று சொல்வதில்லை. மருந்தின் அளவைப் பார்க்கிறார், உணவைக் கேட்கிறார், அடுத்த மாதம் வரச் சொல்கிறார். குடிநோயாளி மீண்டும் குடித்துவிட்டு வந்தால் மட்டும், சிகிச்சையே வீண் என்று ஊரே சொல்கிறது. பல ஆண்டுக் குடியால் தடம் மாறிப்போன மூளை, எட்டு மாதத்தில் பழைய பாதையை முற்றிலும் மறந்துவிடும் என்று எதிர்பார்ப்பது அறிவுடைமை ஆகாது. பழைய கடையின் விளக்கும், பழைய நண்பனின் குரலும், சம்பள நாளும் அந்த ஆசையை எழுப்பும். பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் ஒன்றோ இரண்டோ மிஞ்சியிருக்கும் வேளையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள் என்பது மீண்டவர்களின் அனுபவப் பாடம்.

ஆகவே தவறிய மறுநாள் செய்ய வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். இவை தெரியாமலேயே உயிர்கள் போகின்றன.

பல மாதம் விட்டிருந்தவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிட்டிருக்கும். முன்பு குடித்த அளவை நினைத்துக்கொண்டு இன்று குடித்தால், மூச்சடங்கும் அபாயம் உண்டு. எனவே எஞ்சியிருப்பதை உடனே கொட்டிவிடுவதும், அன்று வண்டி ஓட்டாமலிருப்பதும், தனியே அறையைச் சாத்திக்கொண்டு படுக்காமலிருப்பதும் முதல் கடமை. அடுத்தது, ஒருவரிடமாவது சொல்லிவிடுவது. அந்த ஒருவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்பு சிகிச்சையளித்த மருத்துவராக இருக்கலாம், தாமும் குடியிலிருந்து மீண்டவரான ஒரு நண்பராக இருக்கலாம், 14416 என்ற எண்ணில் பேசும் மனநல ஆலோசகராகவும் இருக்கலாம். மறைத்த சறுக்கல் வளரும். சொன்ன சறுக்கல் பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

ஒரு நாளோடு நில்லாமல் பத்து நாள், இருபது நாள் என்று தொடர்ந்து குடித்துவிட்டவருக்கு நிலைமை வேறு. அவர் வீட்டில் வைராக்கியமாக ஒரே மூச்சில் நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி, இல்லாத பூச்சியைச் சுவரில் கண்டு அலறும் நிலை வரலாம்; கவனியாது விட்டால் அது உயிரையே பறிக்கும். இதைப் பேய் பிடித்தது என்று எண்ணி வேப்பிலை அடிக்கிறவர்களும், போதை இறங்குகிறது என்று கதவைப் பூட்டிவைக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இவரை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நடுக்கத்தைத் தணிக்கவும் வலிப்பைத் தடுக்கவும் முறையான மருந்துகள் உள்ளன. தெருமுனைச் சிகிச்சை நிலையத்தில் ஒரு குளுக்கோஸ் புட்டி ஏற்றி அனுப்பிவிடுவது போதாது. நெடுநாள் குடித்தவரின் உடலில் தையமின் என்னும் வைட்டமின் பி-1 வற்றிப் போயிருக்கும். அதை ஊசியாகக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு நேரக்கூடும். இந்த ஒரு செய்தி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சுவரில் எழுதிவைக்கத் தக்கது.

"அவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்" என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. டென்மார்க்கில் 1940-களில் ஹால்ட், ஜேக்கப்சன் என்னும் இருவர் கண்டறிந்த டைசல்ஃபிரம் என்ற மருந்து, அதை உட்கொண்டவர் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுக்கச் செய்யும். நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டால் அது பயனுள்ளது. கடைசியாகக் குடித்துப் பன்னிரண்டு மணி நேரமாவது கழியாமல் அதைத் தரக் கூடாது. நிறுத்திய பின்னும் அதன் வேகம் இரண்டு வாரம்வரை உடலில் இருக்கும். அதையோ, இன்னதென்றே தெரியாத ஒரு பொடியையோ, சாம்பாரில் கலந்து கொடுத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து இதயம் நின்றுவிடக்கூடும். அன்பினால் செய்வது கொலையில் முடிய வேண்டாம். குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் நம் நாட்டில் கிடைக்கின்றன. சறுக்கியவர் மீண்டும் மருத்துவரைக் காணும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மருந்தில் மாற்றம் வேண்டுமா என்பதே.

உலகெங்கும் குடியிலிருந்து மீண்டோரை ஒன்றுசேர்த்திருக்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தோழமையின் பிறந்த நாள் எதுவென்று பலரும் அறியார். 1935 மே மாதத்தில் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் என்பவரும் பாப் என்ற மருத்துவரும் முதன்முறை சந்தித்தார்கள். மருத்துவர் பாப் குடியை விட்டார். சில வாரங்களிலேயே, ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் நிலைதவறக் குடித்துவிட்டு ஊர் திரும்பினார். பில் அவரைக் கைவிடவில்லை. கூடவே இருந்து தேற்றினார். மருத்துவர் பாப் கடைசியாகக் குடித்த நாளென்று கொள்ளப்படும் ஜூன் 10-ஐத்தான் அத்தோழமை தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. இருவரும் சந்தித்த நாளை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நிறுவியவர்களில் ஒருவர் சறுக்கி எழுந்த இடத்திலிருந்து ஓர் உலக இயக்கத்தின் ஆண்டுக் கணக்கே தொடங்குகிறது.

நம் பக்கத்தில் ஆண்டுதோறும் காணும் இன்னொரு காட்சியும் எண்ணத்தக்கது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலையணிந்தவர்கள் ஒரு மண்டலம் மதுவின் பக்கமே போவதில்லை. புரட்டாசியில் திருமலைக்கு நடந்து வருகிறவர்களும் அப்படியே. மலைமேல் மதுவுக்கு இடமேயில்லை. மாலையைக் கழற்றிய அன்றே பழைய கடையில் நிற்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பழிப்பதில் பயனில்லை. அந்த நாற்பத்தொரு நாளில் அவரைத் தாங்கியது எது என்று கேட்க வேண்டும். விடியற்காலைக் குளியல் தாங்கியது. கூட்டுப் பசனை தாங்கியது. "சாமி" என்று மரியாதையாக அழைத்த குரல்கள் தாங்கின. மாலை கழன்றதும் அவை யாவும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. மனிதன் மட்டும் மிஞ்சுகிறான். குருசாமிகள் மனம் வைத்தால், மாலை கழற்றிய பின்னும் வாரம் ஒரு நாள் அந்தக் கூட்டம் கூடலாம்.

சித்தூர் மாவட்டத்தின் கதையே மதுவிலக்கும் சறுக்கலும் மாறி மாறி வந்த கதைதான். இராஜாஜி 1937 அக்டோபர் 1-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மறு ஆண்டே அது விரிந்த மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. கடப்பையும் உடன் சேர்ந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது; வரி மட்டும் நிலைத்தது. பின்னர் ஓமந்தூரார் காலத்தில் 1948-இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது. ஆந்திரம் பிரிந்து, ஆண்டுகள் உருண்டு, அரசே சாராயத்தைப் பையிலடைத்து ஊர் ஊராக அனுப்பும் நிலையும் வந்தது. 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில், அறிவொளி வகுப்பில் எழுத்தறிந்த பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். ரோசம்மா என்ற ஏழைத்தாய் அப்போராட்டத்தின் முகமானார். அந்தத் தீ சித்தூர்வரை பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1994 டிசம்பரில் பதவியேற்ற என்.டி. ராமராவ் முழு மதுவிலக்குக்குக் கையெழுத்திட்டார். 1995 ஜனவரி 16-இல் அது நடப்புக்கு வந்தது. 1997-இல் தளர்ந்தது. 2019-இல் படிப்படியாக மதுவிலக்கு என்ற வாக்குறுதியோடு கடைகள் அரசின் கைக்கு வந்தன. 2024 அக்டோபர் 16 முதல் மீண்டும் தனியார் கடைகள். 99 ரூபாய்க்குக் கால் புட்டி.

ஓர் அரசு, கருவூலமும் காவல்துறையும் சட்டமன்றமும் கையிலிருந்தும், இத்தனை முறை சொல்லித் தவறியிருக்கிறது. அதற்காக அரசை யாரும் கதவுக்கு வெளியே நிறுத்தவில்லை. அடுத்த தேர்தலில் மீண்டும் வாக்குறுதி கேட்கிறோம், நம்புகிறோம். தினக்கூலி வாங்கும் ஒரு மனிதன், தெருவுக்குத் தெரு கடை திறந்திருக்க, எல்லையின் இப்புறமும் அப்புறமும் மது பெருகி ஓட, எட்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு ஒரு நாள் தவறினால், அவனுக்கு மட்டும் இரண்டாம் வாய்ப்பு இல்லை என்பது எந்த நியாயத்தில் சேரும்? அந்தத் தவறில் நம் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது. மது வருவாயில் பள்ளி கட்டுகிறோம், சாலை போடுகிறோம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியாவது மீளத் துடிக்கிறவனின் கைக்குத் திரும்ப வேண்டும்.

இதைச் சொல்லும்போது பெண்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறோம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சறுக்கியவனை ஏற்றுக்கொள் என்று சொல்வது, அடி உதையை ஏற்றுக்கொள் என்று சொல்வதாகாது. கை நீட்டுகிறவனிடமிருந்து பிள்ளைகளோடு விலகி நிற்க மனைவிக்கு முழு உரிமை உண்டு. சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. சம்பளத்தைத் தானே வாங்கி வைத்துக்கொள்ளவும், குடித்திருக்கும் வேளையில் பேச்சே வேண்டாம் என்று மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. அவன் குடித்ததற்கு அவள் காரணமும் அல்லள். அவனை நிறுத்தும் பொறுப்பு முழுதும் அவளுடையதும் அன்று. நாம் வேண்டுவது ஒன்றுதான். தெளிந்த நிலையில் அவன் வந்து "தவறிவிட்டேன், மருத்துவரிடம் போகிறேன்" என்று சொல்லும்போது, அந்தச் சொல்லை வீட்டார் அடைத்துவிட வேண்டாம். எட்டு மாதம் குடிக்காமலிருந்தது நடந்த உண்மை. அந்த எட்டு மாதத்தில் கல்லீரல் தேறியது, கடன் குறைந்தது, பிள்ளை பயமின்றித் தூங்கியது. ஒரு நாள் அதை இல்லையென்று ஆக்கிவிடாது.

பிறரை நம்பிப் பணம் கட்டிச் சேர்க்கும் மறுவாழ்வு இல்லங்களில் நடப்பவை பற்றியும் குடும்பங்கள் கண்விழிப்போடு இருக்க வேண்டும். மீண்டும் குடித்தான் என்பதற்காகக் கட்டிவைப்பதும் அடிப்பதும் சிகிச்சை ஆகா. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநிலைக் கேடுகளையும் தன் வரம்புக்குள் கொண்டிருக்கிறது; நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வகையிலும் அது அனுமதிக்கவில்லை. கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நாட்டுக்கே வழிகாட்டியது. குடும்பத்தாரையும் சேர்த்து அமர்த்திப் பேசுவதும், வெளியேறிய பின்னும் தொடர்ந்து கவனிப்பதும் சிகிச்சையின் பகுதியென அங்கு வகுக்கப்பட்டது. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும், எல்லை தாண்டிய அரைமணி ஒருமணி நேரப் பயணத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் இருக்கும் இவ்வட்டாரம், நாட்டின் பல பகுதிகளைவிடப் பேறு பெற்றதே.

ஆனாலும் மருத்துவத்தின் வாசலுக்கு வருகிறவர்கள் மிகச் சிலர். தில்லி எய்ம்ஸ் நிறுவனம் மைய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமைப்பட்ட 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180-இல் ஒருவர். அப்படி அரிதாக வந்து சேர்கிறவரும் ஒரு முறை சறுக்கியபின் வெட்கப்பட்டு வராமலே நின்றுவிட்டால், அந்த ஒருவரையும் இழக்கிறோம்.

இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். காணிப்பாக்கத்துக் கோயில் நிர்வாகமும் மாவட்ட மருத்துவத் துறையும் கைகோக்க வேண்டும். குடியை விடுவதாகச் சத்தியம் செய்கிற ஒவ்வொருவர் கையிலும், பிரசாதத்தோடு ஒரு சீட்டுத் தரட்டும். தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட அச்சீட்டில் மருத்துவமனையின் பெயரும், உதவி எண்ணும், "தவறினால் மறைக்காதே, மறுநாளே வா" என்ற சொல்லும் இருக்கட்டும். விநாயகர் பெயரால் வரும் அச்சொல்லுக்கு எந்த அரசு விளம்பரத்துக்கும் இல்லாத வலிமை இருக்கும்.

அடுத்தது அரசு மருத்துவமனைகளுக்கு. குடி வாடையோடு வருகிறவரை, தெளிந்தபின் வா என்று புறநோயாளர் பிரிவு வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கிருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும். அந்த நிலையில் வாசல்வரை நடந்து வந்திருப்பதே அவர் செய்யக்கூடிய பெரிய காரியம். அவரை அமரவைத்து, நாடி பார்த்து, தையமின் ஊசி போட்டு, மறுநாள் வர வேண்டிய நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியர்கள் எழுத்து மூலம் உத்தரவிடலாம். அதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஆனி மாதத்து மாங்கூழ் ஆலைகள் திறந்து கூலி கைமாறும் முன்னரே அந்த உத்தரவு வந்துவிட வேண்டும்.